மேலகரம் முருகம்மாளின் பாட்டில்

கிருமி சாகிறது. அதில் சந்தேகமே இல்லை. எந்த மருந்துக்குச் சாகிறது என்பதுதான் நமசிவாயத்துக்குத் தெரியவில்லை!

‘முருகம்மாள், மேலகரம்’ என்று பேர் ஒட்டி வந்த பாட்டிலின் மூத்திரக் கிருமி கண்ணாடித் தட்டு நிறையப் பூத்திருந்தது. அதன்மேல் நாலு மருந்துகளில் ஊறிய நாலு காகித வில்லைகள். மூன்றைச் சுற்றிக் கிருமி கும்மாளம் போட்டது. நாலாவதைச் சுற்றி மட்டும் வட்டமாக வெட்டவெளி. பென்சிலினா, ஸ்ட்ரெப்டோமைசினா, டெட்ராசைக்ளினா, சல்ஃபாவா? தட்டின் அடியில் மையால் எழுதித்தான் வைத்திருந்தான். ஜன்னல் வழியாக வந்த குற்றாலச் சாரல் அதைக் கரைத்துவிட்டது.

எழுத்து தெளியட்டுமே என்று ஸ்பிரிட்டால் துடைத்தான். மிச்ச எழுத்தும் போயிற்று. மூடி நழுவி ஸ்பிரிட் உள்ளே பாய்ந்ததில் கிருமியும் போயிற்று.

“என்னவே, ரிசல்ட்டு?”

வாசலில் டாக்டர் தளவாய். மூன்று நாளாகவே அவருக்கு மூக்குக்கு மேல் கோபம்.

“மேலகரம் முருகம்மாகிட்ட இன்னொரு பாட்டிலு வாங்கணும் சார்.”

“நானே வாங்கித் தாரேன்.”

“நீங்க எதுக்கு அலையணும்? நான் சைக்கிள்ள போயிட்டு வாரேன்.”

“வேண்டாம்ங்கேன்லா! நாளைச் சாயங்காலத்துக்குள்ள மருந்து பேரு வரலைன்னா, உம்ம லேபை இழுத்துப் பூட்டிருவேன். பெட்டியைத் தூக்கிட்டுத் திருநெல்வேலிக்கு பஸ் ஏறும்!”

ஆறு மாதம் அவரிடம் மன்றாடி ஆரம்பித்த லேப் அது. தென்காசியிலேயே கிருமிக்கு மருந்து கண்டுபிடிப்பேன் என்று ஊரெல்லாம் மார்தட்டியிருந்தான். டாக்டர் தலை மறைந்ததும் சைக்கிளை எடுத்தான்.

மேலகரத்தில் முருகம்மாள்கள் நாலு பேர். மூன்று பேர் கதவைச் சாத்தினார்கள். நாலாவது முருகம்மாள் உலக்கையோடு வந்தாள்.

“ஏலே, என்ன கேட்டே? இன்னொருக்கா சொல்லு!”

“தளவாய் டாக்டரு கேட்டாவ, அக்கா…”

உலக்கை இறங்கியது. “தங்கமான மனுசன்லா! என்னத்துக்கோ கேக்காவ. பாட்டிலைத் தா.”

டாக்டர் பேரைச் சொன்னதும் குழைகிறாளே, இவள்தான் ஆள்! நமசிவாயம் வெற்றியோடு பெடலை மிதித்தான்.

மறுநாள் மாலை தட்டைத் திறந்தான். பளிங்கு! ஒரு கிருமி இல்லை. கையோடு முருகம்மாளையும் அழைத்துக்கொண்டு டாக்டர் முன்னால் போய் நின்றான்.

“எந்த மருந்துவே? சீக்கிரம் சொல்லும்!”

“மருந்தே வேண்டாம் சார். நோய் தானா ஓடிட்டு. வேணும்னா முருகம்மாகிட்டயே கேளுங்க.”

“எனக்கென்ன கேடு?” என்றாள் அவள். “காலையிலதான் மூணு மரக்கா நெல்லு குத்திட்டு வாரேன்.”

டாக்டர் அவளைப் பார்த்தார். அவனைப் பார்த்தார். “லேபைப் பூட்டும்வே!” என்று அலறிவிட்டு, உள்ளே போய்க் கதவைப் படாரென்று சாத்திக்கொண்டார்.

நமசிவாயம் முதல் தடவையாகத் திகைத்து நின்றான். தரையைக் கூட்டிக்கொண்டிருந்த ஆஸ்பத்திரி ஆயா சந்தனமாரி விளக்குமாற்றைச் சாய்த்துவிட்டு அருகில் வந்தாள்.

“பயப்படாத தம்பி, பூட்ட மாட்டாவ. அந்த முத பாட்டிலை டாக்டரய்யா கக்கூசுல இருந்து எடுத்தாந்ததே நான்தான். முருகம்மான்னு பேரு ஒட்டினது டாக்டரய்யாவேதான்!”