மாட்டுங்காவில் ஒரு சைவ நண்டு

என்ன ஆனாலும் சரி, மச்சினன் கல்யாணத்துக்குப் போவதில்லை என்று முடிவு செய்தேன். மச்சினன் மேல் எனக்குக் கோபமில்லை. கல்யாணம் ரெண்டு நாள் ரயில் தூரத்தில், ஒலவக்கோட்டில். அதே வாரம் பிராபோர்ன் ஸ்டேடியத்தில் டெஸ்ட் மாட்ச். ஆபீஸில் காலைப் பிடித்து, கையைப் பிடித்து, ஐந்து நாளுக்கும் சேர்த்து ஒரு டிக்கெட் வாங்கி வைத்திருந்தேன். இத்தனை வருஷ பம்பாய் வாழ்க்கையில் இதுதான் முதல் டெஸ்ட். பெண்டாட்டி ஷ்யாமளாவிடம் சொன்னால் டிக்கெட்டோடு சேர்ந்து நானும் கிழிவேன். குடியிருக்கிற பேட்டையின் பேரே மாட்டுங்கா, மாட்டிக்கொள்ளாமல் இருக்க மூளை வேண்டும்.

அதனால்தான் நண்டு வந்தது.

மாஹிம் கடற்கரையில் பொறுக்கியது. காலிச் சங்குக்குள் குடியிருக்கிற ஜாதி. இரானி ஹோட்டல்காரர் கழித்துப் போட்ட பெரிய பிஸ்கட் ஜாடியில் கடல் தண்ணீரும் மணலும் போட்டு, அதைக் குடிவைத்தேன்.

"ஏன்னா, என்ன இது?"

"நண்டு."

"நம்மாத்துலயா?"

"திங்கறதுக்கா கொண்டு வந்தேன்? இது சயின்ஸ். தினம் கடல் தண்ணி மாத்தணும். ஒரு நாள் விட்டா ஏக்தம் காலி."

"அப்போ கல்யாணத்துக்கு?"

"நீ போயிட்டு வா ஷ்யாமு. வாயில்லா ஜீவனை விட்டுட்டு நான் எப்படி வர்றது? பாவம் சும்மா விடுமா?"

அவள் நண்டைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். நாங்கள் இருவருமே தலையை உள்ளே இழுத்துக்கொண்டோம்.

டெஸ்ட் டிக்கெட்டை ஜாடிக்கு அடியில் வைத்தேன். மடி பார்க்கிறவள் நண்டு ஜாடியைத் தொடுவாளா? என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன்.

ஆனால் நாலு நாளில் அவளே நண்டுக்குத் தயிர்சாதம் போட ஆரம்பித்துவிட்டாள். அதுவும் சாப்பிட்டது. அவியலில் முருங்கைக்காயை மட்டும் ஒதுக்கியது. அடுத்த போர்ஷன் ஜம்பு தினமும் வந்து அதை வேடிக்கை பார்த்தார்.

"ஒரு டெஸ்ட் டிக்கெட் கிடைச்சா என் சொத்தையே எழுதி வைப்பேன் ஓய்" என்று நண்டைப் பார்த்தே புலம்புவார்.

"எங்கே கிடைக்கிறது ஓய்" என்று நானும் ஜாடியைப் பார்த்தே பெருமூச்சு விடுவேன்.

ஷ்யாமளா ஊருக்குக் கிளம்புவதற்கு முதல் நாள் காலை. ஜாடியைப் பார்த்தேன். நண்டு சங்கை விட்டு வெளியே கிடந்தது. கால், கொடுக்கு, மீசை எல்லாம் இருந்தன. அசைவுதான் இல்லை. செத்த கரப்பானைக் கண்டாலே எனக்குக் கிறுகிறுக்கும். கண்ணை மூடிக்கொண்டேன்.

"ஷ்யாமு, நம்ம நண்டு போயிடுத்து."

அவள் வந்து குனிந்து பார்த்தாள். சங்குக்குள்ளும் எட்டிப் பார்த்தாள். சட்டென்று புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். தோள்கள் குலுங்கின. இவ்வளவு ஈர நெஞ்சா இவளுக்கு என்று வியந்தேன்.

"நீங்க பாக்க வேண்டாம். போய்க் குளியுங்கோ, நான் பாத்துக்கறேன்" என்றாள் திரும்பாமலே. "நாளைக்கு என்னோட கிளம்பிடுங்கோ. இனிமே இங்க உங்களுக்கு என்ன வேலை? எங்க சித்தப்பா உங்களுக்கும் சேர்த்துத்தான் ரிசர்வ் பண்ணியிருக்கார்."

முதல் சொம்பு தண்ணீர் தலையில் விழுந்ததும் அடுத்த யோசனை உதித்தது. வயிற்றுவலி. வீட்டில் வந்தால் கஷாயம் கொடுத்துச் சரிசெய்துவிடுவாள். தாதர் ஸ்டேஷனில் வர வேண்டும். சித்தப்பா குடும்பம் அதே வண்டியில் போகிறது. அவர்களோடு அவளை ஏற்றிவிட்டு நான் திரும்பிவிடலாம். குளித்துவிட்டு வந்தால் ஜாடியைத் துண்டால் மூடியிருந்தாள்.

"துக்கம் கண்ணுல பட வேண்டாம்" என்றாள். நானும் அந்தப் பக்கம் போகவில்லை.

மறுநாள் தாதர். மெயில் வந்து நின்றது. நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு பெட்டி மேல் உட்கார்ந்தேன்.

"ஷ்யாமு, முறுக்கிப் பிழியறது. நீ சித்தப்பாவோட போயிடு. நான் ஆத்துல போய்ப் படுத்துக்கறேன்."

"அங்க உங்களை யார் பாத்துப்பா? ஜம்பு மாமா நண்டைத்தான் பாத்துக்கறேன்னு சொல்லியிருக்கார்."

"எந்த நண்டை?"

"நம்ம நண்டைத்தான். அது எங்க செத்தது? பாம்பு மாதிரி சட்டை உரிச்சிருக்கு. நீங்க பாத்தது வெறும் சட்டை. அது சங்குக்குள்ள உட்கார்ந்துண்டு திருதிருன்னு முழிச்சிண்டிருந்தது."

"அப்பவே சொல்றதுக்கென்ன?"

"என்னிக்கு நீங்க என்னைச் சட்டை பண்ணியிருக்கேள், சொல்றதுக்கு?"

நண்டு உயிரோடிருக்கிறது. அப்படியென்றால் என் பழைய சாக்கும் உயிரோடிருக்கிறது. துள்ளி எழுந்தேன்.

"அப்போ தண்ணி மாத்தணுமே. ஒரு நாள் விட்டா..."

"ஜம்பு மாமா மாத்துவார். அஞ்சு நாளும் ஆட்டம் முடிஞ்சு, கிரவுண்டுலேர்ந்து நேரா நம்மாத்துக்குத்தான் வரார்."

"அவருக்கு ஏது டிக்கெட்?"

கார்டு விசில் ஊதினார். ஷ்யாமளா என் கையில் தண்ணீர்க் கூஜாவைக் கொடுத்தாள்.

"சும்மா பாத்துக்கோங்கோன்னு சொன்னா நன்னாருக்குமா? ஜாடியைத் துடைக்கறச்சே அடியில ஒண்ணு கிடந்தது, எடுத்துக் கொடுத்துட்டேன். ஏறுங்கோ. இப்போ வயித்துவலி தேவலையா இருக்குமே."