மகா ஓயாக் கரையில் நிற்கும் என் தோணி

மாம்புரி.

அன்புள்ள மச்சான் காசிம்பாவா அவர்களுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். நாங்கள் நலம். நீங்களும் என் தங்கச்சி ஸக்கியாவும் நலமாக இருப்பதைப் போன கிழமை கண்ணாலேயே பார்த்துவிட்டதால் விசாரிக்கவில்லை. எனக்கு எழுத்துத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல என் பெண்சாதி முனவ்வரா எழுதுகிறாள். போனில் சொன்னால் நடுவில் சிரிப்பீர்கள்.

நான் ஏன் தோணியை லொறியில் ஏற்றிக்கொண்டு உங்கள் வாசலுக்கு வந்தேன் என்று ஊரெல்லாம் கதையாம். ஒன்பது வருசத்துக்கு முன், எங்கள் வீட்டுக் கலியாணத்தில், ஒரே சஹன் தட்டைச் சுற்றிச் சாப்பிட இருக்கும்போது நீங்கள், "ஒரு ஆறும் இல்லாத ஊர்ல போய்ப் பொண்ணெடுத்தேனே" என்றீர்கள். நான், "ஒங்கட மகா ஓயாவுல என்ட ஆடும் கால் நனைக்காது" என்றேன். அன்றோடு பேச்சு நின்றது. இறைச்சியில் பெரிய துண்டு உங்கள் பக்கம் இருந்ததுகூட எனக்கு மறக்கவில்லை. ஆனாலும் ரேடியோவில் மகா ஓயா பெருக்கெடுத்தது, கரையோர மக்கள் வெளியேறவும் என்றதும் மனசு கேட்கவில்லை. ஒன்பது வருசம் எடுக்காத போனை எடுத்து என்னத்தைச் சொல்வது? தோணியை எங்கள் ஊர் றிஸ்மினின் லொறியில் ஏற்றி, சிலாபம் தாண்டி, தங்கொட்டுவையில் திரும்பி, ரோட்டுச் சனமெல்லாம் வாய் பார்க்க உங்கள் கரைக்கு வந்தால், மச்சான், ஆற்றில் ஒரு மாடு படுத்திருக்கிறது. அதன் வயிறும் நனையவில்லை. நீங்கள் சாரனை மடித்துக் கட்டிக்கொண்டு, "என்ன மச்சான், கடல் வத்திப் போச்சா?" என்றீர்கள். ஸக்கியா சிரித்துச் சிரித்து வாசற்படியிலேயே இருந்துவிட்டாள்.

வெள்ளம் கிழக்கே, அம்பாறைப் பக்கத்து மகா ஓயாவிலாம். சிங்களத்தில் அந்தப் பேருக்குப் பெரிய ஆறு என்று அர்த்தம். அவனவனுக்கு அவனவன் ஆறு பெரிசு. கல்லாறும் அப்படித்தான், மன்னார்ப் பக்கம் ஒன்று, மட்டக்களப்புப் பக்கம் ஒன்று. கல்லைக் கண்ட இடமெல்லாம் அதே பேர். படிக்காத மனுசன் என்ன செய்வான்? இன்னொரு மகா ஓயா இருப்பது எனக்கு எப்படித் தெரியும்?

பகல் சாப்பாட்டில் உங்கள் பங்கு இறாலை எடுத்து என் சோற்றில் போட்டீர்கள். அதையும் மறக்க மாட்டேன். ஆனால் புறப்படும்போது நான் வாங்க என்று சொல்லவில்லை, நீங்களும் வருவேன் என்று சொல்லவில்லை.

இப்போது விசயம் என்னவென்றால், றிஸ்மின் திரும்பும்போது லொறியில் ஓடு ஏற்றிவிட்டான்; தோணி உங்கள் கரையிலேயே நிற்கிறது. அது இல்லாமல் எனக்கு ஒரு தொழிலும் ஓடாது. வேறு ஆளிடம் கொடுத்தனுப்ப வேண்டாம், கண்ட ஆளுக்கும் அது கட்டுப்படாது. பெருநாளைக்கு முன் நீங்களே, ஸக்கியாவையும் கூட்டிக்கொண்டு வந்து தரவேண்டும்.

அல்லாஹ் உங்கள் வீட்டிலும் ஆற்றிலும் பறக்கத்தைத் தருவானாக. ஆற்றில் கொஞ்சம் கூடுதலாகத் தரட்டும்.

இப்படிக்கு,
மச்சான் அசனார்.

பி.கு.: காசிம்பாவா நானா, இது முனவ்வரா. அவர் தொழப் பள்ளிக்குப் போய்விட்டார். ரேடியோவில் அம்பாறை மாவட்டம் என்று மூன்று தரம் சொன்னார்கள். நான் சத்தத்தைக் கூட்டியும் வைத்தேன். மட்டக்களப்புச் சூறாவளிக்கு அடுத்த வருசம் வெங்காய லொறியில் அந்த மகா ஓயாவுக்குப் போய், அங்கே வெந்நீர்க் கிணற்றில் குளித்து முதுகு வெந்த கதையை இவரிடம் கேட்காத ஆள் இந்த ஊரில் இல்லை. தோணியை மறந்தும் தண்ணீரில் இறக்காதீர்கள், அடியில் கை நுழைகிற ஓட்டை. இரண்டு வருசமாக அதில் என் கோழிதான் அடைகாத்தது. கோழியைத் தூக்கி வெளியே விட்டுத்தான் அதை லொறியில் ஏற்றினார். தோணி அங்கேயே கிடக்கட்டும். நீங்கள் இரண்டு பேரும் வாருங்கள்.