பட்ஜெட் சாமி சொன்ன ரகசியம்

ஜனவரி பிறந்துவிட்டால் திருப்பூரில் நூல் விலையைவிடப் பட்ஜெட் சாமியின் மவுசு ஏறிவிடும். டில்லியில் மந்திரி பெட்டியைத் திறப்பதற்கு முன்பே, நூல் வரி கூடுமா குறையுமா என்று முதலிபாளையத்துத் தகரக் கொட்டகையில் உட்கார்ந்தபடி அவர் சொல்லிவிடுவார். பாவம், மந்திரிக்குத்தான் விஷயம் தெரியாது!

ஆத்தப்பன் விடிவதற்குள் வரிசையில் நின்றான். நாலு மெஷின் வைத்துப் பனியன் தைக்கும் சிறு முதலாளி. வருஷா வருஷம் மாறும் வரி அவனைக் குழப்பியடித்தது. ஆடிட்டரைக் கேட்டால் "பேப்பர் படியுங்க" என்கிறார். படிக்க யாருக்கு நேரம்? சாமி காதோடு காதாகச் சொல்லிவிடுவார்.

சொன்னார். "வரி ஏறும் கண்ணு. நூலை இப்பவே வாங்கிப் போடு. வெளிய சொன்னா பலிக்காது."

கடைசி வாக்கியத்தில்தான் சாமியின் பிழைப்பே இருந்தது. எந்தப் பார்ட்டிக்கு என்ன ரேட் கொடுத்தோம் என்பதைக் கட்டிய மனைவியிடம்கூட மறைக்கிற ஊர் இது. போன வருஷம் வாக்குப் பலித்தவர்கள் மாலை போட்டார்கள். பலிக்காதவர்கள், "நீதான் ஒட்டுக்கேட்டு எங்கியோ உளறியிருப்பே" என்று பெண்டாட்டியை ஏசிவிட்டு மறுபடியும் வரிசைக்கு வந்தார்கள்.

ஆத்தப்பன் இரண்டு மெஷினை விற்று நூல் வாங்குவதென்று முடிவு செய்துவிட்டான். மத்தியானம் ஆள் வந்து தூக்கிப் போவதாகப் போனிலேயே பேச்சு முடிந்தது. வாக்குத் தப்பினால் கம்பெனிக்குப் பூட்டுத்தான். உடனே நூல் கடைக்கு ஓட வேண்டும் போலிருந்தது. ஆனாலும் பிரசாதம் வாங்காமல் போகக் கூடாதென்று சாமி உத்தரவு. கேட்டவர்கள் அத்தனை பேரும் உச்சிப்பொழுது வரை வாசலில் காத்திருந்தார்கள்.

அப்போது கொட்டகையிலிருந்து நூர்ஜான் வெளியே வந்தாள். அவளும் பனியன் கம்பெனிக்காரிதான்.

"ஏனுங்க, யாரும் வாயத் தொறக்க வேண்டாம், சாமி குத்தமாயிரும். வரி ஏறும்னு கேட்டவங்க அந்த வேப்பமரத்துப் பக்கம் போய் நில்லுங்க. எறங்கும்னு கேட்டவங்க எங்கூட அந்த லாரிப் பக்கம் வாங்க."

நடந்து போவது பேச்சாகாதே! ஆத்தப்பன் வேப்பமரத்தடிக்குப் போய்ப் பெருமையோடு திரும்பிப் பார்த்தான். லாரிப் பக்கம் பாதிக் கூட்டம் நின்றது. முன்னால் நின்றவர் அவனுடைய அடுத்த சந்து கிட்டுசாமி. அதே கடையில் அதே நூல் வாங்குகிறவர்.

சத்தம் கேட்டுச் சாமி ஓடி வந்தார். "ஆளுக்கொரு ஜாதகம், ஆளுக்கொரு பலன்!"

"வரி ஊருக்கே ஒண்ணுதானுங்களே, சாமி?" என்றாள் நூர்ஜான்.

சாமி பின்பக்கத் தகரத்தைத் தள்ளிக்கொண்டு ஓட்டம் பிடித்தார். இரண்டு பக்கமும் சேர்ந்து துரத்தியது. திருப்பூர் முதலாளிகள் ஒற்றுமையாகச் செய்த முதல் காரியம் அதுவாகத்தான் இருக்கும்.

ஆத்தப்பன் துரத்தவில்லை. தலைதெறிக்கத் தன் கம்பெனிக்கு ஓடினான். வண்டியில் ஏற்றப்போன மெஷினை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான்.

"விக்கறதில்லீங்க! ஆள விடுங்க!"

அடுத்த பட்ஜெட்டும் வரத்தான் போகிறது. எது எதற்கோ வரி போட்ட அரசாங்கம் மூளைக்கு மட்டும் இன்னும் போடவில்லை. பயந்து பூட்டி வைக்காமல் கொஞ்சம் வெளியே எடுங்கள், முதலாளிகளே.