வலப்பக்கத்துக் கிண்டி

கிட்வாய் நகருக்குக் குழந்தைசாமி வந்துவிட்டார். ஆறு மாதத்துக்கு ஒருமுறை வருவார். ஈரோட்டுப் பக்கத்துக்காரர். டில்லித் தமிழர்களின் வயிற்றில் வேண்டாதவர்கள் வைத்த மருந்தை எடுப்பதற்கென்றே ரயில் ஏறி வருகிற மகான். டில்லியில் ஆஸ்பத்திரிக்குப் பஞ்சமில்லை. ஆனால் அங்கே என்ன நோய் என்றுதான் சொல்வார்கள், யார் காரணம் என்று சொல்லமாட்டார்கள். குழந்தைசாமி சொல்வார். பிறகு கூட்டம் எங்கே போகும்?

ஞாயிறு காலை எட்டு மணிக்கே சமுதாயக் கூடம் நிரம்பிவிட்டது. வந்தவர்களில் பாதிப்பேர் மத்திய அரசில் இருப்பவர்கள், மீதிப்பேர் ஓய்வு பெற்றவர்கள். ஆகவே மூடநம்பிக்கையும் விதிப்படியே நடந்தது. டோக்கன் உண்டு. படிவம் உண்டு. படிவத்தில் 'சந்தேகப்படும் நபர்' என்று ஒரு கட்டமும் உண்டு. வாசலில் மேஜை போட்டு உட்கார்ந்திருந்தவர் சிவஞானம், ஏதோ ஓர் அமைச்சகத்தில் அண்டர் செக்ரட்டரி.

"இந்தக் கட்டத்தக் காலியா விட்டா எப்படி சார்? ஃபைல் நகராதே."

"யாருன்னு சாமிதானே சொல்லணும்?"

"சொல்வாரு. நீங்க மொதல்ல எழுதுங்க. ஜல்தி, பின்னால ஆள் நிக்குது."

படிவத்தைச் சாமி படிக்கமாட்டாராம். மடியில் வைத்துக்கொள்வாராம். மடியில் இருக்கிற தாளைக் குனிந்து பார்ப்பது படிப்பதாகுமா என்ன?

முறை இதுதான். நோயாளி வீட்டுக் குடிதண்ணீரைச் சொம்பில் கொண்டுவர வேண்டும். சாமி அதில் ஒரு சிட்டிகை விபூதி போடுவார். இரண்டு பக்கமும் இருக்கிற, மூக்கு வைத்த செப்புக் கிண்டிகளில் ஒன்றிலிருந்து பச்சைக் கற்பூரம் மணக்கும் தீர்த்தம் கொஞ்சம் விடுவார். தண்ணீர் ரோஜா நிறமாகிவிட்டால் மருந்து வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். உடனே மந்திரம் சொல்லி எலுமிச்சம்பழத்தைப் பிழிவார். நிறம் மறைந்துவிடும். அதைக் குடிக்க வேண்டும். மறுநாள் காலையில் வயிறு பிய்த்துக்கொண்டு போகும். மருந்து இறங்குகிறது என்று வாட்ஸ்அப் குழுவில் வாழ்த்துகள் குவியும்.

உள்ளபடியே பலன் அடைந்தவர் ஒருவர் உண்டு. பாலசுப்ரமணியம், ஓய்வு பெற்ற டைரக்டர். முப்பது வருஷத்து மலச்சிக்கல் அவருக்கு. சாமி வரும்போதெல்லாம் முதல் டோக்கன் அவர்தான் வாங்குவார்.

அன்றைக்குப் பதினேழாவது டோக்கன் விஜயலக்ஷ்மியுடையது. பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். மகன் கிருஷ்ணபிரசாத்தைக் கையோடு இழுத்துக்கொண்டு வந்திருந்தார். மகனுக்கு இரண்டு மாதமாக வயிற்றுவலி. அலுவலக வாசலில் தினமும் எண்ணெய் சொட்டும் சோலே பட்டூரே சாப்பிடுகிறவனுக்கு வேறு என்ன வரும் என்று யாரும் கேட்கவில்லை. காதல் கல்யாணம் செய்துகொண்டவனுக்கு வயிற்றுவலி வந்தால் காரணம் வீட்டுக்குள்தான் இருக்க வேண்டும். படிவத்தில் அழகான கையெழுத்தில் எழுதியிருந்தார்: 'மருமகள் வள்ளி. வேலை, தண்ணீரில் மருந்து.'

வள்ளிக்கு அதுதான் வேலை. ஆறு, ஏரி, குழாய் என்று எங்கிருந்தோ வரும் தண்ணீரில் மருந்து எச்சம் இருக்கிறதா என்று பார்க்கும் ஆய்வகத்தில் ஒப்பந்த ஊழியர். சிவகாசியில் தீப்பெட்டி ஒட்டின வீட்டின் முதல் பட்டம் அவள். மருந்தைக் கண்டுபிடிப்பவள் என்று ஊருக்குச் சொன்னாள். மருந்தோடு புழங்குகிறவள் என்று காலனி கேட்டுக்கொண்டது.

சாமி குனிந்து மடியைப் பார்த்தார். நிமிர்ந்து வலப்பக்கத்துக் கிண்டியை எடுத்தார். தண்ணீர் சிவந்தது.

"வெளியாள் இல்லீங்க அம்மணி. ஊட்டுக்குள்ள வந்த கை. தண்ணியும் மருந்துமாப் பொழங்குற கை."

விஜயலக்ஷ்மிக்குக் கண் கலங்கிவிட்டது. "இவ்ளோ துல்லியமாச் சொல்றாரேடா பிரசாத்."

எழுதிக் கொடுத்ததைத் திருப்பிச் சொன்னால் துல்லியமாகத்தானே இருக்கும்!

தீர்ப்பும் வந்தது. அந்தக் கை நாற்பத்தெட்டு நாள் வீட்டை விட்டு விலகியிருக்க வேண்டும். வள்ளி பிறந்த ஊருக்குப் போக, அடுத்த ஞாயிறு மாலை ரயிலுக்குச் சிவஞானமே டிக்கெட் எடுத்துக் கொடுத்தார். சாமி ஊர் திரும்புவதும் அதே ரயிலில்தான்.

"நாப்பத்தெட்டு நாள் லீவு போட்டா என் வேலைக்கு வேற ஆள் வந்துரும் பிரசாத்," என்றாள் வள்ளி. "அப்புறம் நா திரும்பி வந்து என்ன செய்ய, உங்கம்மாவுக்குக் காய் நறுக்கவா?"

"அம்மா மனசு சமாதானம் ஆகட்டுமே. நாற்பத்தெட்டு நாள்தானே?"

காதலித்தபோது உலகத்தையே எதிர்ப்பேன் என்று சொன்ன ஆண்மகன் இவன்தான். அம்மா உலகத்தில் சேர்த்தி இல்லை போலும்.

வள்ளி அழவில்லை. சொம்பில் மிச்சமிருந்த தண்ணீரை விஜயலக்ஷ்மி தீர்த்தம் என்று பூஜை அலமாரியில் வைத்திருந்தார். அதிலிருந்து ஒரு குப்பி எடுத்துக்கொண்டு ஆய்வகத்துக்குப் போனாள்.

அங்கே விரல் நீளக் குழாயில் வெள்ளைப் பொடி அடைத்திருக்கும். தண்ணீரை அதன் வழியாக விட்டால் தண்ணீர் இறங்கிவிடும், மருந்து பொடியில் ஒட்டிக்கொள்ளும். அதை மெத்தனாலில் கழுவி எடுத்து இயந்திரத்துக்குள் விட்டால், ஒவ்வொரு மருந்தும் தன் நேரத்துக்கு வெளியே வந்து தன் எடையைச் சொல்லிவிட்டுப் போகும். யமுனையை அதில் விட்டால் டில்லி முழுங்கிய மாத்திரை எல்லாம் வரிசையாக வந்து நிற்கும். வள்ளி கொடுத்த குப்பியிலிருந்து ஒன்றே ஒன்றுதான் பெரிதாக வந்தது. பினாப்தலீன். பள்ளிக்கூட ஆய்வகத்தில் காரம் பட்டால் ரோஜா நிறமாகும், அமிலம் பட்டால் நிறமிழக்கும் அதே சரக்கு. ஒரு காலத்தில் பேதி மாத்திரையாகவும் விற்றார்கள். விபூதி காரம், எலுமிச்சை அமிலம். நடுவில் இருந்த மந்திரம் வெறும் சத்தம்.

அறிக்கையை மாமியாரிடமும் சிவஞானத்திடமும் கொண்டுபோய்க் காட்டினாள். அறிவியல் வென்றது என்றா நினைக்கிறீர்கள்?

"மிஷினே சொல்லிடுத்து பாருங்கோ, தண்ணில மருந்து இருக்குன்னு," என்றார் விஜயலக்ஷ்மி.

"அத்தை, அது சாமி ஊத்துனது."

சிவஞானம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "லேப் யாருகிட்டம்மா இருக்கு? சாமிகிட்டயா, உன்கிட்டயா?"

லட்சக்கணக்கில் விலையுள்ள இயந்திரம் குழந்தைசாமிக்குச் சாட்சி சொல்லிவிட்டது.

வள்ளிக்கு அப்போதுதான் போன வருஷத்துக் கூத்து நினைவுக்கு வந்தது. எல்லா மாதிரியிலும் காஃபின் வந்தது. யமுனை நாசமாய்ப் போயிற்று என்று ஆய்வகமே பதறியது. பிறகு ஒன்றுமே கலக்காத சுத்தத் தண்ணீரை இயந்திரத்தில் விட்டார்கள். அதிலும் காஃபின். குற்றவாளி யமுனை இல்லை, காபி குடித்துவிட்டுக் கை கழுவாமல் வந்த ஆய்வக உதவியாளன் அர்ஜுன். அன்றிலிருந்து முதலில் ஓடுவது வெறும் தண்ணீர்தான். வெறும் தண்ணீரிலும் மருந்து தெரிந்தால் தண்ணீரை விட்டுவிட்டு ஆளைச் சோதிக்க வேண்டும்.

"அத்தை, நீங்க பப்ளிக் எக்ஸாம் பேப்பர் திருத்தினவங்கதானே? பேப்பர்ல பையன் பேர் இருக்குமா?"

"எப்படி இருக்கும்? நம்பர்தான் இருக்கும். பேர் தெரிஞ்சா மார்க் மாறிடுமே."

"சாமிக்கும் பேர் இல்லாம ஒரு பேப்பர் கொடுப்போம். தண்ணிய நீங்களே புடிங்க, நீங்களே நம்பர் போடுங்க. நா தொடவே மாட்டேன். ஃபாரம் கிடையாது, பேச்சும் கிடையாது. சாமி சரியாச் சொல்லிட்டா நானே பெட்டியத் தூக்கிட்டுக் கெளம்புறேன்."

"சரி, நம்பர் நானே போடறேன்," என்றார் விஜயலக்ஷ்மி. சாமி மேல் நம்பிக்கை இருந்தது. ஆனால் முப்பது வருஷம் சிவப்புப் பேனா பிடித்த கை.

அடுத்த ஞாயிறு. மூன்று பாட்டில்கள், ஒன்று, இரண்டு, மூன்று. சாமி வழக்கம்போல் மடியைப் பார்த்தார். மடியில் வேட்டிதான் இருந்தது.

"யார் ஊட்டுத் தண்ணிங்க அம்மணி?"

"அதை நீங்கன்னா சொல்லணும்."

"ஊட்டுல புதுசா யாராச்சும் வந்தாங்களா?"

விஜயலக்ஷ்மி வாயைத் திறக்கவில்லை. தேர்வு அறையில் நின்று பழகிய மௌனம் அது. ஒன்றாம் பாட்டிலுக்கு வலப்பக்கத்துக் கிண்டி. சிவந்தது. "கடுமையான மருந்து வெப்புங்க." இரண்டாவதற்கு இடப்பக்கத்துக் கிண்டி. நிறம் மாறவில்லை. "இது சுத்தமுங்க." மூன்றாவதற்கு மறுபடி வலது. "இது பொம்பளை கைதானுங்க. சந்தேகமே இல்லை."

விஜயலக்ஷ்மி எழுந்தார். "மூணும் ஒரே தண்ணி. இன்னிக்குக் காலம்பற ஐ.என்.ஏ. மார்க்கெட்ல சீல் வெச்ச கேன் வாங்கி, கடையிலேயே பிரிச்சு மூணு பாட்டில்ல விட்டேன். தொட்ட பொம்பளை கை ஒண்ணே ஒண்ணுதான்." தன் கையை ஒருதரம் திருப்பிப் பார்த்துக்கொண்டார். "என்னோடது."



"கேன்லயே யாராவது வெச்சிருக்கலாமே," என்றார் சிவஞானம். அரசு ஊழியர் எளிதில் தோற்கமாட்டார்.

"அப்ப ரெண்டாம் நம்பர் எப்படி சார் சுத்தம்?" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல்.

வள்ளி முன்னால் வந்தாள். சிவஞானம் குடித்துக்கொண்டிருந்த டம்ளரை வாங்கினாள். அதில் விபூதியைப் போட்டு வலப்பக்கத்துக் கிண்டியைச் சாய்த்தாள். தண்ணீர் சிவந்தது. எலுமிச்சையைப் பிழிந்துகொண்டே, "ஓரெட்டு எட்டு, ஈரெட்டு பதினாறு" என்றாள். மூவெட்டு வருவதற்குள் நிறம் போய்விட்டது. டம்ளரை நீட்டினாள்.

"குடிங்க சாமி."

குழந்தைசாமி டம்ளரைப் பார்த்தார். கூட்டத்தைப் பார்த்தார். கைக்கடிகாரத்தையும் பார்த்தார்.

"வேண்டாமுங்க அம்மணி. சாயங்காலம் ரயிலுக்குப் போகோணும்."

கூடம் ஒரு கணம் யோசித்தது. அந்தக் கூட்டம் கூடி யோசித்தது அதுதான் முதல் தடவை. ஒவ்வொருவருக்கும் தத்தம் திங்கட்கிழமைக் காலை நினைவுக்கு வந்தது. முதலில் சிரித்தது யாரென்று தெரியவில்லை. கடைசிவரை சிரிக்காதவர் சிவஞானம் மட்டும்தான். பாலசுப்ரமணியமோ வள்ளியிடம் வந்து, "அந்த வலது கிண்டி மட்டும் தனியாக் கிடைக்குமாம்மா?" என்று கேட்டார்.

"டாக்டரைப் போய்ப் பாருங்க சார்."

வாசலில் கிருஷ்ணபிரசாத் இளித்தபடி நின்றான். "எனக்கு அப்பவே சந்தேகம்தான் வள்ளி."

"டிக்கெட்டைக் கேன்சல் பண்ணுடா மொதல்ல," என்றார் விஜயலக்ஷ்மி. மன்னிப்புக் கேட்கவில்லை. மருமகள் பையிலிருந்த ஆய்வக அறிக்கையை எடுத்து, கண்ணாடி போட்டுக்கொண்டு, முதல் வரியிலிருந்து படிக்கத் தொடங்கினார்.

தண்ணீரில் மருந்து இருக்கிறதா என்று கண்டுபிடிக்க இயந்திரம் வேண்டும், படிப்பு வேண்டும். சாமியிடம் சக்தி இருக்கிறதா என்று கண்டுபிடிக்க மூன்று பாட்டிலும், பத்து நிமிஷம் வாயைத் திறக்காத ஒரு மாமியாரும் போதும். நம்மால் முடியாதது அந்தப் பத்து நிமிஷம்தான். நம் வீட்டுக் கதையை நாமே எழுதிக் கொடுத்துவிட்டு, அதைச் சாமி நம்மிடமே படித்துக் காட்டும்போது கன்னத்தில் போட்டுக்கொள்கிறோம். போட்டுக்கொள்ளும் கையைக் கொஞ்சம் மேலே தூக்கித் தலையையும் தட்டிப் பாருங்கள். உள்ளே ஏதாவது இருக்கலாம்.