தண்ணீரைத் தொட்ட கீரி

ஒரு காட்டில் விமானம் ஓட்டும் கீரிப்பிள்ளை ஒன்று இருந்தது. அதன் பெயர் தவசி. இரண்டு பேர் மட்டுமே உட்காரக்கூடிய சின்ன மஞ்சள் விமானத்தில் பறந்து, மொட்டையாகிப்போன மலைச்சரிவுகளில் விதைப்பந்து தூவுவது அதன் வேலை. பதினோரு வருடம் தூவியது. மரங்களும் முளைத்தன. மரத்தடியில் படுத்துத் தூங்கியவர்கள் யாரும் இது யார் போட்ட விதை என்று கேட்கவில்லை.

ஒருநாள் வேலை முடிந்து, காட்டின் நடுவிலிருந்த பெரிய ஏரிக்கு மேலே திரும்பி வந்துகொண்டிருந்தபோது எதிரே ஒரு கொக்குக் கூட்டம் கிளம்பியது. தவசி சட்டென்று விமானத்தைத் தாழ்த்தியது. கொஞ்சம் அதிகமாகவே தாழ்த்திவிட்டது. சக்கரங்கள் தண்ணீரைத் தொட்டு நீளமாக ஒரு வெள்ளைக்கோடு இழுத்தன. விமானம் ஒருமுறை குலுங்கி மறுபடி மேலே ஏறியது. தரைக்கு வந்த பிறகும் தவசி அரைமணி நேரம் இருக்கையைவிட்டு எழவில்லை.

கரையிலிருந்த குரங்குகள் இதைச் செல்போனில் படம் பிடித்திருந்தன. சாயங்காலத்துக்குள் காடு முழுக்கப் பார்த்துவிட்டது. தவசியின் மனைவி பூரணியை மான்கள் வழிமறித்து, "அது உங்க வீட்டுக்காரராக்கா?" என்று கேட்டன. பதினோரு வருடத்தில் முதல்முறையாகப் பூரணியை யாரோ எதையோ கேட்டார்கள்.

"தெரியாம இறங்கிட்டேன்" என்று தவசி அன்றைக்கே சொல்லியிருக்கலாம். வாய்வரை வந்தது. அதற்குள் ஒரு குரங்கு, "அண்ணே, மறுபடி எப்ப?" என்றது.

"ஞாயித்துக்கிழமை" என்றது கீரி.

முதல் ஞாயிறு யானை உயரத்தில் பறந்தது. அடுத்த ஞாயிறு மான் உயரம். மூன்றாம் ஞாயிறு முயல் உயரத்துக்கு வந்தபோது முயல்கள் ரசிகர் மன்றம் தொடங்கின. மலைச்சரிவில் விதைப்பந்து மூட்டைகள் பிரிக்கப்படாமல் கிடந்தன.

அந்த ஏரிக்குக் காவலாக ஒரு நீர்நாய் இருந்தது. அதன் பெயர் செண்பகவல்லி. அந்த வருட ஏரித் திருவிழாவிலும் தவசி பறப்பதாக இருந்தது. திருவிழாவுக்கு முந்தின நாள் காலையில், விமானத்தைத் துடைத்துக்கொண்டிருந்த தவசியிடம் அது வந்து நின்றது.

"தம்பி, நாளைக்குக் காத்து இருக்காது போலிருக்கு. தண்ணி கண்ணாடி மாதிரி கிடக்கும். அதுல வானம்தான் தெரியும், தண்ணி தெரியாது. எவ்வளவு உசரத்துல இருக்கோம்னு கண்ணுக்குப் பிடிபடாது. காத்தில்லாத நாள்ல மீன்கொத்தியே கணக்குத் தப்பி விழுது. ரெண்டு மீன்கொத்திய நானே தூக்கிக் கரையில போட்டிருக்கேன்."

"விழுந்தாத் தண்ணிதானேக்கா? மெத்தை மாதிரி."

"நீ வர்ற வேகத்துக்கு அது கருங்கல்லு. சக்கரம் ஒரு விரக்கடை கூடுதலா அழுந்தினாப் போதும். மூக்கு குத்தி வண்டி கவிழும். தலைகீழாத் தண்ணிக்குள்ள தொங்கிக்கிட்டு பெல்ட்டைத் தேடுவியா?"

தவசி துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தது. பிறகு, "ஜனங்க வர்றாங்கக்கா" என்றது.

செண்பகவல்லி நேரே விழாக்குழு அலுவலகத்துக்குப் போய், விமானம் கவிழும் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தது. விழாக்குழுத் தலைவர் யானை ஏகாம்பரம் அதை வாங்கி, பறக்காமலிருக்க ஒரு கோப்பின் மேல் வைத்து, அதன்மேல் ஒரு கல்லை வைத்தது.

அன்று மத்தியானமே தவசி அனுமதிப் படிவம் நிரப்ப அங்கே வந்தது. எழுத்தர் ஆமை படிவத்தை நீட்டி, "உயரம்னு போட்டிருக்கிற இடத்துல ஐந்நூறு அடின்னு எழுதுங்க. அதுக்குக் கீழன்னா அனுமதி கிடையாது" என்றது.

"நான் ரெண்டடியிலதானே பறக்கப்போறேன்?"

"பறக்கிறது உங்க இஷ்டம். எழுதுறதுதான் சட்டம்."

தவசி ஐந்நூறு என்று எழுதியது.

திருவிழா அன்று ஓர் இலைகூட அசையவில்லை. ஏரிக்குள் மேகங்கள் மிதந்தன. கரை கொள்ளாத கூட்டம். விமானத்தின் சத்தம் கேட்டதும் முயல்கள் விசிலடித்தன. தவசி வளைந்து வந்து தாழ்ந்தது. கீழே மேகம் தெரிந்தது. இன்னும் இடமிருக்கிறது என்று நினைத்து இன்னும் கொஞ்சம் தாழ்ந்தது. இடம் இல்லை.

சக்கரங்கள் தண்ணீரில் பிடித்துக்கொண்டன. விமானம் மூக்கைக் குத்தி ஒரு கரணம் அடித்து மல்லாந்து விழுந்தது. இதுவும் நிகழ்ச்சிதான் என்று நினைத்துக் கூட்டம் கைதட்டியது. தட்டி முடிக்கும்போது விமானம் பாதி முழுகியிருந்தது.

உள்ளே தவசிக்கு எது மேல், எது கீழ் என்று தெரியவில்லை. மூக்கில் தண்ணீர் ஏறியது. பெல்ட்டின் பூட்டைத் தேடிய கைக்குக் கதவின் பிடிதான் கிடைத்தது. பூரணியின் முகம் நினைவுக்கு வந்தது. அதுவும் தலைகீழாகவே வந்தது. அப்போது ஏதோ ஒன்று உள்ளே நுழைந்து பெல்ட்டைக் கடித்து அறுத்து, அதன் கழுத்தைக் கவ்வி வெளியே இழுத்தது. தவசி கண்ணைத் திறந்தபோது கரையில் கிடந்தது. பக்கத்தில் செண்பகவல்லி மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. தவசியின் பின்னங்கால் ஒன்று நசுங்கியிருந்தது. இனி விமானம் ஓட்ட முடியாது என்று வைத்தியர் சொன்னார்.

மறு வாரம் விசாரணை நடந்தது.

"படிவத்தின்படி விமானம் ஐந்நூறு அடியில இருந்திருக்கு. ஐந்நூறு அடியில தண்ணி கிடையாது. ஆகவே பைலட் மேல தப்பில்லை" என்றது ஏகாம்பரம். பிறகு நீர்நாயைக் கூப்பிட்டது.

"கவிழும்னு முந்தின நாளே நீ எழுதிக் கொடுத்தியா?"

"கொடுத்தேன்."

"கவிழ்ந்துச்சா?"

"கவிழ்ந்துச்சு."

"உனக்கு எப்படி முன்கூட்டியே தெரியும்?"

கூட்டத்தில் முணுமுணுப்பு எழுந்தது. ஒரு முயல், "எனக்கு அப்பவே சந்தேகம்" என்றது.

தவசி கம்பை ஊன்றி எழுந்து நின்றது. "ஐயா, தப்பு என்னோடது. தண்ணி எங்க இருக்குன்னே எனக்குத் தெரியலை. அக்கா சொன்னதைக் கேட்டிருந்தா இந்தக் கால் இருந்திருக்கும். அவங்க இல்லேன்னா இந்த உசிரும் இல்லை."

"பாவம், தலையிலயும் அடி போலிருக்கு" என்றது யானை. தவசியை மெதுவாக உட்கார வைத்தார்கள். செண்பகவல்லியைக் காவல் வேலையிலிருந்து நீக்கினார்கள். அது ஆற்றுப் பக்கம் குடிபோனது.

மஞ்சள் விமானத்தை ஏரியிலிருந்து இழுத்து நுழைவாயிலில் நிறுத்தினார்கள். குடும்பம் குடும்பமாக வந்து அதன்முன் படம் எடுத்துக்கொண்டார்கள். அடுத்த திருவிழாவில் தாழப் பறக்க ஆறு விண்ணப்பங்கள் வந்தன. அதில் மூன்று பேருக்கு உயரப் பறக்கவே தெரியாது.

இதைக் கேட்டுத் தவசி இரண்டு நாள் தூங்கவில்லை. பிறகு உட்கார்ந்து, தண்ணீர் கண்ணை எப்படி ஏமாற்றும், சக்கரம் எப்படிப் பிடிக்கும், உள்ளே மூச்சு எத்தனை நொடி தாங்கும் என்று எல்லாவற்றையும் விவரமாக எழுதி, நொண்டிக்கொண்டே போய் விழாக்குழுவில் கொடுத்தது.

ஏகாம்பரம் முழுவதையும் நிதானமாகப் படித்தது. பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டது: "திருவிழாவுக்கு இன்னும் பத்து நாள் இருக்கு. அதுக்குள்ள உனக்கு எப்படித் தெரியும்?"

தவசி காகிதத்தைத் திரும்ப வாங்கி மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தது.

"விழா நல்லபடியா நடக்கும்ங்க" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனது.

நீதி: வரப்போகும் ஆபத்தைச் சொல்லாதே. வராவிட்டால் நீ பயந்தாங்கொள்ளி, வந்துவிட்டால் குற்றவாளி.