இரவல் வண்டியில் சிவப்பு விளக்கு

விருதுநகரைத் தாண்டி ஐந்து கிலோமீட்டர்கூட வந்திருக்க மாட்டார்கள். ஸ்டியரிங்குக்குப் பின்னால் எண்ணெய்க் கிண்ணி படம் போட்ட சிவப்பு விளக்கு எரிந்தது. பாலகுரு வண்டியை ஓரங்கட்டினான். சாவியைத் திருகி அணைத்தான். கதவைத் திறந்துகொண்டு ஓடினான்.

"எறங்கு. தட்ட வச்சிட்டு ஓடியா."

அவன் மனைவி மாரிசெல்வி தட்டை விடவில்லை. சீர்த்தட்டோடு ஓடினாள். முப்பது அடி தள்ளி வேலிக்கருவை நிழலில் இருவரும் மூச்சு வாங்க நின்றார்கள். அச்சங்குளத்துப் பட்டாசுக் கம்பெனியில் பன்னிரண்டு வருஷமாகப் போர்மேனாக இருப்பவன் வேறு என்ன செய்வான்? ஆபத்தென்று தெரிந்தால் முதலில் வெளியே, யோசனை அப்புறம்.

கால் மணி நேரம் நின்றும் வண்டி வெடிக்கவில்லை.

"ஏங்க, அது காருங்க. மருந்து ரூம்பு இல்ல" என்றாள் மாரிசெல்வி. "பத்தரைக்குள்ள காரியாபட்டிக்குப் போகணும். தாய்மாமன் மடி இல்லாம எப்படிக் காது குத்துவாக?"

பாலகுருவின் தங்கை பாண்டிச்செல்வியின் மகனுக்குக் காதுகுத்து. அவனுக்கும் அந்தக் கவலை இருந்தது. ஆனால் அதைவிடப் பெரிய கவலை வண்டி. அது முதலாளி தங்கப்பாண்டியனுடையது. கேட்டதும் சாவியைக் கையில் கொடுத்து, "ஒன்ன நம்பிக் குடுக்கேன் பாலகுரு" என்று ஒரே ஒரு வார்த்தை சொன்னார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பான். சீசன் நேரத்தில் முதலாளி வண்டியைக் கெடுத்தவன் என்று பேர் வந்தால் போர்மேன் வேலை போச்சு. என்ன ஆனாலும் அவருக்குத் தெரியக் கூடாது.

கம்பெனி லோடு வண்டி டிரைவர் விக்னேஷ்குமாருக்குப் போன் போட்டான்.

"ஆயில் கம்மியா இருக்கும்ணே. ஒரு லிட்டர் ஊத்துங்க."

பக்கத்துக் கடையில் டிராக்டருக்கு ஊற்றும் ஆயில்தான் இருந்தது. ஒன்று நல்லதென்றால் இரண்டு இன்னும் நல்லதென்று இரண்டு லிட்டர் ஊற்றினான். வெடிமருந்து கலக்கும்போது இந்தக் கணக்குப் போட்டிருந்தால் அவன் இன்றைக்கு உயிரோடு இருக்க மாட்டான். காருக்குப் போடலாம் என்று நினைத்துவிட்டான்.

விளக்கு அணைந்தது. பாலகுரு மீசையைத் தடவிக்கொண்டான். பத்து நிமிஷத்தில் மறுபடி எரிந்தது. இந்தத் தடவை என்ஜினுக்குள் யாரோ உலக்கை போடுகிற சத்தமும் சேர்ந்துகொண்டது. மறுபடி விக்னேஷ்குமாருக்கே போன் போட்டான்.

"அண்ணே, ஊத்துறதுக்கு முன்ன ஆயில் குச்சிய உருவி அளவு பாத்தீகளா?"

"குச்சியா?"

"கூடுனா நொரைச்சிரும்ணே. நொரைச்சா பிரஷர் இன்னும் எறங்கும். சரி விடுங்க. லைட்டுக்குப் போற சுவிட்சுகூடப் போயிருக்கலாம். கழட்டித் தொடச்சு மாட்டிப் பாருங்க."

பாலகுரு தன் கம்பெனிப் பையிலிருந்து ஸ்பேனரை எடுத்தான். பித்தளை ஸ்பேனர். இரும்போடு இரும்பு உரசினால் பொறி வரும் என்பதால் கம்பெனிக்குள் இரும்புச் சாமானுக்கு இடமே கிடையாது. வண்டியில் இரும்பு ஸ்பேனர் ஒன்று கிடந்தது. என்ஜின் பக்கத்தில் அதைக் கொண்டுபோக அவனுக்குக் கை வரவில்லை.

சுவிட்சு அசையவில்லை. பித்தளைதான் வாயைப் பிளந்தது. அதே பையிலிருந்த மரச்சுத்தியலால் ஒரு போடு போட்டான். சுவிட்சு கழுத்தோடு முறிந்தது. விளக்காவது அணைந்ததா என்று பார்க்கச் சாவியைத் திருகினான். சூடான கறுப்பு எண்ணெய் பீய்ச்சி அடித்து, எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த மாரிசெல்வியின் பட்டுச் சேலையில் பாதியையும் சீர்த்தட்டில் முக்காலையும் நனைத்தது.

அவள் தட்டைச் சாய்த்து எண்ணெயைத் தரையில் வடித்தாள்.

போன் அடித்தது. பாண்டிச்செல்வி.

"எண்ணே, எங்கன இருக்கீக? ஆசாரி ஊசியோட உக்காந்திருக்காரு."

"இந்தா வந்துட்டேன்மா. கல்குறிச்சிகிட்ட." வாய்க்கு வந்த ஊரைச் சொன்னான்.

"அரை மணிக்கு முன்னயும் அதத்தான சொன்னீக."

ஒரு டிராக்டர்க்காரர் கயிறு கட்டி இழுத்துப்போய் ஒரு பட்டறையில் விட்டார். மெக்கானிக் நல்லசிவம் சுவிட்சு இருந்த ஓட்டையில் பிரஷர் மீட்டரை மாட்டி, ஆயில் ஊற்றி என்ஜினை ஓடவிட்டார். சூடேறியதும் முள் விழுந்துவிட்டது. அடிச்சட்டியைக் கழற்றினார். ஆயிலை உறிஞ்சும் சல்லடையில் களிம்பு அல்வா மாதிரி அப்பியிருந்தது.

"பம்பு தேஞ்சுபோச்சு. ஆயில் ஆறிக் கெட்டியா இருக்கையில தள்ளும். சூடேறி எளகுனா தள்ளாது. புதுசு போடணும். சாயங்காலம் ஆகும்."

"பஸ்ஸப் பிடிச்சு நாம போயிருவோம்" என்றாள் மாரிசெல்வி.

பாலகுரு வண்டியைப் பார்த்தான். குடலெல்லாம் வெளியே கிடந்தது. "மொதலாளி வண்டிய இந்தக் கோலத்துல விட்டுட்டு எப்படி வர?"

"அப்ப இங்கனயே இருங்க. அந்தப் பம்ப மடியில வச்சுக் கொஞ்சுங்க." அவள் ஊருக்குத் திரும்பும் பஸ்ஸில் ஏறிவிட்டாள்.

பன்னிரண்டு மணிக்குத் தங்கை மறுபடி கூப்பிட்டாள். அழுதிருந்தாள். "என் கொழுந்தனார் மடியில வச்சுக் குத்திட்டாகண்ணே. தாய்மாமன் செத்தா போனான்னு என் மாமியா சபையில கேட்டுட்டாக. நான் என்ன சொல்ல?"

பாலகுரு ஆயில் கையோடு கண்ணைத் துடைத்துக்கொண்டான். அதில் கண் இன்னும் எரிந்தது. சீருக்கு வைத்திருந்த பணம் பம்புக்கும் சல்லடைக்கும் சுவிட்சுக்கும் கூலிக்குமாகப் போனது.

பொழுது சாய வண்டியை முதலாளி வீட்டு வளாகத்துக்குள் விட்டான். வழியில் ஒரு தடவைகூட விளக்கு எரியவில்லை. வண்டியை இரண்டு முறை கழுவித் துடைத்திருந்தான். முதலாளி வாசலுக்கு வந்து, "விசேஷம் நல்லபடியா முடிஞ்சுச்சா?" என்று கேட்டார்.

"ஒங்க புண்ணியத்துல நல்லா முடிஞ்சிருச்சு மொதலாளி."

அவர் சிரித்துக்கொண்டே உள்ளே போனார். அப்பாடா. மானம் போனது, தங்கை போனாள், கட்டினவள் பஸ்ஸில் ஏறிப் போனாள். வேலையாவது மிஞ்சியது.

வாட்ச்மேன் ஊர்க்காவலன் சாவியை வாங்கிக்கொண்டு வண்டியில் ஏறினார். என்ஜினை ஓடவிட்டு அந்த விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு நிமிஷம், மூன்று நிமிஷம். அப்புறம் இறங்கி வந்து பாலகுருவின் தோளில் கை போட்டார்.

"கிளட்ச்சு எங் காசுல நான் போட்டது தம்பி, எம் மக வளைகாப்புக்கு வண்டி கேட்டப்ப. ரேடியேட்டரு கணக்கப்பிள்ள போட்டாரு. இந்த ஆயில் லைட்டுக்குத்தான் வண்டி கேட்டு ஒருத்தனும் வரமாட்டேங்கானேன்னு மொதலாளி ஒரு மாசமா வெசனப்பட்டுக்கிட்டு இருந்தாக."