சளி பிடிக்காத தெரு

ஓடைப்பட்டி
ஞாயிற்றுக்கிழமை

அன்பான பேத்தி டாக்டர் சினேகாவுக்கு, உன் அப்பத்தா சங்கிலியம்மாள் எழுதுவது. இங்கு நான், உன் அப்பா, தெருவார் அனைவரும் நல்ல சுகம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். சுகம், சுகம் என்று சொல்லிச் சொல்லித்தான் இத்தனை வினையும் வந்தது. அதனால் அந்த வரியை விட்டுவிடுகிறேன். போனில் சொல்லலாம்தான். உன் குரலைக் கேட்டால் எனக்கு வாய் வராது.

நேற்று நீ, "அப்பத்தா, ஆறு மாசத்துல நம்ம தெருவுல மாத்திரை சாப்பிட்ட இருபது பேருல ஒருத்தருக்குக்கூட சளி காய்ச்சல் இல்ல! எங்க சார் சென்னை டாக்டர் மாநாட்டு மேடையில என்னையப் பேசச் சொல்லிட்டாக" என்றாயே, அப்போது போன் என் கையிலிருந்து நழுவி மாவுச் சட்டிக்குள் விழுந்தது. சந்தோஷத்தில் இல்லை தாயி.

நாளெல்லாம் திராட்சைப் பந்தலுக்கு அடியிலேயே கிடப்பதால் நம் ஆட்களுக்கு வெயில் படாமல் வைட்டமின் டி குறைவு, சர்க்கரைக்காரர்களை இந்தச் சளிக் காய்ச்சல் கிருமி வேறு சீக்கிரம் பிடிக்கும், வாரம் ஒரு மாத்திரை கொடுத்தால் குறைகிறதா என்று பார்ப்போம் என்று நீ பொறுமையாகத்தான் விளக்கினாய். ஒப்பிட்டுப் பார்க்கப் பள்ளிக்கூடத் தெருவுக்கு மாத்திரை கிடையாது, கேள்வி மட்டும் என்றாய். அங்கேதான் எனக்குத் தலை கனத்தது. நம் வீட்டுப் பெண் கொடுத்ததைச் சாப்பிட்டுவிட்டு உடம்பு முடியவில்லை என்று சொல்வது, விருந்து தின்றுவிட்டுப் பந்தியிலேயே குறை சொல்வது மாதிரி இல்லையா?

ஐப்பசி மழையில் முதலில் இருமியவள் எதிர்வீட்டு ராஜமணி. அதுவும் ரேஷன் கடையில், பள்ளிக்கூடத் தெருக்காரிகள் முன்னால்.

"ஏத்தா, எம் பேத்தி மாத்திரையத் தின்னுட்டு இப்பிடி இருமுறியே, கூச்சமா இல்ல?"

"கூச்சப்பட்டா இருமல் நிக்குமாக்கா?"

"நிக்காட்டிப் போகுது. திங்கக்கிழமை ஷெரின் வந்து கேட்டா நல்லாருக்கேன்னு சொல்லு."

வாராவாரம் கேட்டு எழுதிக்கொண்டு போக நீ அனுப்பிய அந்த ஷெரின் பிள்ளைக்கு வீடு வீடாக ஒரே பதில் கிடைக்கும்படி நான்தான் சொல்லி வைத்தேன். பிறகு எனக்கே காய்ச்சல் வந்தது. கண் சிவந்திருக்கிறதே என்று அவள் கேட்டதற்கு வெங்காயம் உரித்தேன் என்றேன். மறுநாள் முக்காடு போட்டுக்கொண்டு, பஸ் ஏறிச் சின்னமனூர் டாக்டரிடம் போனால், பெஞ்சு நிறைய நம் தெரு! ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. பந்தல் வேலைக்கு வரும் சுயம்புலிங்கம் அண்ணன் துண்டுக்குள் இருமிக்கொண்டிருந்தார்.

"என்னண்ணே இங்கன?"

"வெங்காய வெத வாங்க வந்தேன் தங்கச்சி."

"டாக்டர்கிட்டயா?"

"நீ எதுக்கு வந்த?"

"நானும் வெதைக்குத்தான்."

சிரிக்காதே. என்னைப் பார்த்ததும் அவர் வைத்தியம் பார்க்காமலே எழுந்து போய்விட்டார். ஐந்து நாள் காய்ச்சலை மறைத்து, சர்க்கரை நானூறைத் தாண்டி, மூச்சு முட்டி, அவருக்குத் தேனி ஆஸ்பத்திரியில் நான்கு நாள் ஆக்சிஜன் வைத்தார்கள். போய்ப் பார்த்தேன். மூக்கு மூடியை விலக்கி அவர் சொன்ன முதல் பேச்சு: "சங்கிலி, ஷெரின் போன்ல கேட்டுச்சு. நல்லாருக்கேன்னு சொல்லிட்டேன். ஒம் பேத்தி பேரு கெடல."

அன்றைக்கு வாங்கிக்கொண்டு போன சாத்துக்குடியை அவர் கையில் கொடுக்கக்கூட எனக்குக் கை நீளவில்லை. இப்போது வீடு திரும்பிவிட்டார், கஞ்சி குடிக்கிறார். நான்தான் அந்த வாசல் வழியாகப் போகாமல் சுற்றிப் போகிறேன்.

இத்துடன் ஒரு கட்டுக் காலண்டர் தாள் வைத்திருக்கிறேன். யாருக்கு என்றைக்கு வந்தது என்று தெரிந்தால்தானே ஒழுங்காக மறைக்க முடியும்? அதனால் தினமும் தாளைக் கிழிக்கும்போதே பின்பக்கம் எழுதி வைத்தேன். இருபதில் பதினான்கு பேர். ஐந்தாம் வகுப்புக் கையெழுத்துதான், தேதி சரியாக இருக்கும். உங்கள் சாரிடம் காட்டிவிடு. மேடை போனாலும் போகட்டும். நம் தெரு சொன்னதை நம்பி, மாத்திரை போதும் என்று இன்னும் எத்தனையோ சர்க்கரைக்காரர்கள் காய்ச்சலோடு சும்மா கிடந்துவிடக் கூடாது. பள்ளிக்கூடத் தெருவிலும் இருபதில் பதினான்கு பேராம். அதுதான் ஒரே ஆறுதல்.

வீரபாண்டி கௌமாரியம்மன் உனக்குத் துணையிருப்பாள். என் பக்கம் அவள் திரும்பக் கொஞ்ச நாள் ஆகும்.

தலைகுனிந்து,
அப்பத்தா

பின்குறிப்பு: ஷெரின் எண்ணிக்கொண்டு போன என் மாத்திரை அட்டைகள் காலிதான். மாத்திரைகள் காலியில்லை. நீ டாக்டராகி உன் கையால் எனக்குக் கொடுத்த முதல் மருந்து, தின்று தீர்க்க மனசு வரவில்லை. ஞாயிறு மாத்திரையை மறந்தவர்களை எல்லாம் வைதுவிட்டு, என்னுடையதைப் பிதுக்கி, பீரோவில் நீ ஓட்டப் பந்தயத்தில் வாங்கிய கோப்பைக்குள் போட்டு வந்தேன். அதனால் என் காய்ச்சலுக்கு மாத்திரையைக் குறை சொல்லாதே. இருபத்துநாலும் அப்படியே இருக்கின்றன. வரும்போது நீயே எண்ணிப் பார்த்துக்கொள். நான் சொல்கிறேன் என்று நம்பிவிடாதே.